முதுகில் கைவைக்கும் முன்

ஐதராபாத்தை ஒட்டிய சிக்கந்தராபாத்துப் படைவீட்டில் திருமுல்கேரி ஒரு பகுதி. அங்கிருந்து சில மைல் தொலைவிலுள்ள பேகம்பேட்டையில், 1897ஆம் ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள், ரொனால்டு ராஸ் என்ற இராணுவ வைத்தியர் கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். அதே 1897இல், அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டாவன்போர்ட் நகரில், டி. டி. பால்மர் என்பவர் கைரோபிராக்டிக் என்னும் கைச்சிகிச்சையைக் கற்பிக்க ஒரு பள்ளியை நிறுவினார். ராஸ் கண்டதைப் பிறர் மீண்டும் மீண்டும் சோதித்து மெய்யென நிலைநாட்டினர். பால்மர் கூறிய காரணமோ அத்தகைய சோதனையில் நிலைபெறவில்லை. எனினும் அவர் தொடங்கிய முறை உலகெங்கும் பரவி, இன்று நம் பெருநகரங்களுக்கும் வந்திருக்கிறது. ஆகவே அதனை நாடிச் செல்பவர் எவற்றை அறிந்திருக்க வேண்டும் என்பது ஆராயத் தக்கதாகும்.

கையால் நோவு தீர்த்தல் நம் நாட்டுக்குப் புதிதன்று. சித்த வைத்தியத்தில் தொக்கணம் உண்டு. ஊர்தோறும் சுளுக்கு வழிப்பவர் உண்டு. ஆந்திர மாநிலத்துப் புத்தூரின் எலும்புக் கட்டு தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றது. கைரோபிராக்டிக் முறையில் முள்ளெலும்பு மூட்டுகளைக் கையால் விரைவாகவும் அளவாகவும் அழுத்தி அசைக்கின்றனர். 1895இல் காது கேளாத ஒரு கட்டடப் பணியாளரின் முதுகை அழுத்திக் கேள்விப் புலனை மீட்டதாகப் பால்மர் கூறினார். முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை நெருக்குவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொள்கை. ஆனால், கேள்வி நரம்பு உட்செவியிலிருந்து நேரே மூளைக்குச் செல்கிறது. முதுகின் வழியே செல்வதில்லை. ஆஸ்துமா, நீரிழிவு முதலியவற்றை முதுகை அழுத்திக் குணப்படுத்தலாம் என்பதற்கும் தக்க சான்று இல்லை.

இதனால் இம்முறை முழுவதும் பயனற்றது என முடிவு கட்டுதலும் நேர்மையாகாது. 2020இல் உலகில் ஏறக்குறைய 61.9 கோடி மக்கள் இடுப்பு நோவுடன் வாழ்ந்தனர் என்பது கணக்கு. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு இன்னதென்று சுட்டத்தக்க நோய் எதுவும் காணப்படுவதில்லை. இத்தகைய நோவு நாட்பட்டு நிற்கும்பொழுது பயன் தரக்கூடிய முறைகளுள் ஒன்றாக, முள்ளெலும்புக் கைச்சிகிச்சையையும் உலக சுகாதார நிறுவனம் 2023இல் சேர்த்தது. அதற்கான சான்று வலிமை குறைந்தது என்பதையும் உடன் கூறியது. தேகப் பயிற்சி முதலிய பிற முறைகள் தரும் பயனைக் காட்டிலும் இதன் பயன் மிகுதியன்று. மேலும், புதிதாக வந்த இடுப்பு நோவு பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிகிறது. தானே தணியும் நோவில், கடைசியாகக் கைவைத்தவருக்கே புகழ் சேர்வது இயல்பு.

அழுத்தும்பொழுது எழும் ‘சடக்’கென்ற ஒலி எலும்பு தன் இடத்தில் பொருந்தியதன் அடையாளம் எனப் பலர் நம்புகின்றனர். அவ்வாறன்று. மூட்டினுள் உள்ள நீர்மத்தில் வாயுக் குழி உண்டாவதால் எழும் ஒலி அது. விரலை நெட்டி முறிக்கும்பொழுது கேட்பதும் அதுவே. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் உடல்நோவு இருப்பது சாதாரணம்.

அஞ்ச வேண்டியது வேறு. உலகக் காசநோயாளருள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளனர். காசநோய் நுரையீரலில் மட்டுமன்றி முள்ளெலும்பிலும் பற்றும். அது அரித்த எலும்பை அழுத்துவது தண்டுவடத்துக்கே கேடு. மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் ஓயாத நோவு ஆகியவை இருப்பின் முதலில் மருத்துவமனைக்கே செல்ல வேண்டும். புற்றுநோய் கண்டவர், எலும்பு தேய்ந்த முதியோர், விழுந்து அடிபட்டவர் ஆகியோருக்கும் இது பொருந்தும். கால் வலுவிழத்தல், தொடைகளின் இடையே மரத்துப் போதல், சிறுநீர் கட்டுதல் அல்லது தன்னை அறியாமல் கழிதல் ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கழுத்தைச் சடுதியில் திருப்புவதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும். கழுத்து முள்ளெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு இரத்தக் குழாய்கள் செல்கின்றன. அரிதாக அவை கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததுண்டு. கழுத்துச் சிகிச்சைக்குப் பின் கடுந்தலைவலி, தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் தோன்றினால் அது அவசர நிலை.

சிகிச்சை செய்பவரின் பயிற்சியும் கேட்டறிய வேண்டியது. மருத்துவப் பயிற்சி இல்லாது இத்தொழிலுக்கு வருபவருக்கு, 4 ஆண்டு முழுநேரக் கல்வியில் 4,200 மணிக்குக் குறையாத போதனை வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2005இல் வரையறுத்தது. பிரிட்டனில் இத்தொழிலுக்கென 1994இல் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமோ பதிவுக் குழுவோ இல்லை. ஆதலால் நான்காண்டு கற்றவரும் நான்கு நாள் கற்றவரும் ஒரே பெயர்ப்பலகையை மாட்டிக்கொள்ள இயலுகிறது. இக்குறை நீக்கப்பட வேண்டும். அதுவரை காவல், நோயாளியின் கேள்வியே. எங்கே, எத்தனை ஆண்டு கற்றீர்? என் நோவுக்குக் காரணம் யாது? இதிலுள்ள ஆபத்து என்ன? எத்தனை முறையில் குணம் தெரியும்? தெரியாவிடில் யாரிடம் அனுப்புவீர்? நல்ல சிகிச்சையாளர் இக்கேள்விகளை வரவேற்பார். நோயின் வரலாற்றைக் கேளாமல் கைவைப்பவரையும், பல மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கோருபவரையும் விட்டு விலகுதல் நலம்.

கிராமத்தில் முதுகு நோவு கண்டவர் வைத்தியரிடம் செல்லும் முன் சுகாதார ஊழியரிடமோ ஆசிரியரிடமோ யோசனை கேட்பதுண்டு. அவ்வேளையில் கைச்சிகிச்சையை இகழ்ந்து பேசுவதால் பயனில்லை. இகழ்ந்தால், மக்கள் சொல்லாமல் செல்வர். காய்ச்சல் உண்டா, உடல் மெலிந்ததா, கால் வலுவாக உள்ளதா, சிறுநீர் சரியாகக் கழிகிறதா என்ற நான்கு கேள்விகளைக் கேட்டு, ஐயம் இருப்பின் அரசு மருத்துவமனைக்கு அனுப்பினால் போதும். முதுகில் எவர் கைவைப்பது என்பதை நோயாளி பின்னர் முடிவு செய்யலாம். கைவைக்கத் தக்க முதுகா என்பது முதலில் தெளிவாக வேண்டும்.