மழையிலே பந்தயம்: வீரம் எது, வீம்பு எது?

மழைக்கு ஒதுங்கியவன் கோழை; மழையிலே பாய்ந்தவன் வீரன்! இப்படி ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள் சிலர். விளையாட்டுக் களத்திலே இந்தக் கணக்கு உலவுகிறது. தேநீர்க் கடைப் பேச்சிலும் உலவுகிறது. கேட்பதற்கு இனிக்கிறது, கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் தோழர்களே, கணக்கு சரிதானா?

சோதித்துப் பார்க்க நல்லதொரு களம் இருக்கிறது. டிரையத்லான் என்று அதற்குப் பெயர். முதலில் நீந்த வேண்டும். நீரைவிட்டு ஏறியதும் சைக்கிள் மிதிக்க வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். இடையிலே ஓய்வு கிடையாது. உடை மாற்றும் நேரத்திலும் கடிகாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். இதிலே ‘அரைத் தூரம்’ என்று ஒரு வகை உண்டு. அரை என்றதும் எளிது என்று எண்ணிவிட வேண்டாம்! நீச்சல் 1.9 கிலோமீட்டர், சைக்கிள் 90 கிலோமீட்டர், ஓட்டம் 21.1 கிலோமீட்டர். ஆக மொத்தம் 113 கிலோமீட்டர். பெரும்பாலும் எட்டரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டிலே கோவாவின் மிராமார் கடற்கரையில் இந்தத் தூரத்துக்குப் பந்தயம் நடந்தது. அதற்குப் பின்னும் நடந்திருக்கிறது.

நல்ல நாளிலேயே எலும்பை நோகடிக்கும் இந்த வேலை, மழை நாளிலே என்ன ஆகும்?

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 18. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலே செயிண்ட் ஜார்ஜ் நகரம். செம்பாறைக் குன்றுகள் சூழ்ந்த வறண்ட பூமி அது. அங்கே அரைத் தூரப் பந்தயத்தின் உலகப் போட்டி. பந்தயம் நடந்துகொண்டிருக்கும்போதே வானம் கறுத்தது. சூறைக்காற்று எழுந்தது, புழுதி பறந்தது. தொடர்ந்து மழை, மழையோடு ஆலங்கட்டி! வறண்ட பூமிதானே, மழை எங்கே வரப்போகிறது என்று மெல்லிய உடையோடு வந்தவர்களின் பாடு என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்று ஆடவரிலே நார்வே நாட்டு குஸ்தாவ் இடெனும், பெண்டிரிலே பிரிட்டனின் லூசி சார்ல்ஸ்-பார்க்லியும் வென்றார்கள். வென்றவர் பெயரை ஏடுகள் எழுதின. ஆனால் மழை யாரிடம் என்ன கேட்டது என்பதல்லவா நமக்குப் பாடம்?

மழை வேகத்தைக் கேட்பதில்லை, நிதானத்தைக் கேட்கிறது. சைக்கிளில் வேலைக்குப் போய்வரும் தோழருக்கு இதை விளக்கவா வேண்டும்? முதல் மழை விழுந்ததும் தார்ச்சாலையிலே படிந்திருக்கும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழுக்கும். சாலையில் போட்ட வெள்ளைக்கோடு வழுக்கும்; சாக்கடையின் இரும்பு மூடி வழுக்கும்; பாலத்து இணைப்பிலே உள்ள இரும்புத் தகடும் வழுக்கும். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக்கோ, நனைந்துவிட்டால் சட்டென்று பிடிக்காது. ஆகவே அறிந்தவன் என்ன செய்கிறான்? புறப்படுமுன் டயரிலே காற்றைச் சிறிது குறைத்து வைக்கிறான். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை அழுத்துவதில்லை. வளைவு வருமுன்பே வேகத்தைத் தணித்துவிடுகிறான். முன்னே போகிறவனை ஒட்டிப் போவதுமில்லை. இந்தப் பந்தயத்திலே, காற்றுக்கு மறைவாக முன்னவன் முதுகை ஒட்டிச் செல்வது குற்றம். 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது வழக்கமான விதி. வெயிலிலே அது நியாயத்துக்கான விதி. மழையிலோ, அது உயிரைக் காக்கும் விதியும் ஆகிவிடுகிறது!

வழுக்கலைவிடப் பொல்லாத எதிரி ஒன்றுண்டு, அதுதான் குளிர். நீந்தி ஏறிய ஈர உடம்பு, மேலே மழை, எதிரே காற்று. மூன்று மணி நேரம் சைக்கிள் மிதிப்பதற்குள் உடம்பின் சூடு கரைந்துகொண்டே போகும். விரல் விறைக்கும். விறைத்த விரலால் உணவுப் பொட்டலத்தைப் பிரிக்க முடியாது. பிரேக்கைக்கூட உறுதியாகப் பிடிக்க முடியாது. பல் கிட்டும், பேச்சுக் குழறும், புத்தி மந்தமாகும். ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவன் சொல்வான். ஆனால் அந்த நிலையிலே அவன் சொல்லை நம்பக்கூடாது. ஏனென்றால், முடிவெடுக்கும் மூளையே அங்கே குளிரால் தாக்கப்பட்டிருக்கிறது. அருகிலிருப்பவன்தான் நிறுத்த வேண்டும். நிறுத்துவது இழிவா? இல்லவே இல்லை. ஒரு மழைச் சட்டையைச் சுமந்து வந்து சில நிமிடங்களை இழந்தவன், அந்தச் சட்டையில்லாமல் வந்து பந்தயத்தையே இழந்தவனைவிடக் கெட்டிக்காரன்.

போட்டியாளர் கடமை இது. நடத்துகிறவர் கடமை?

டோக்கியோ ஒலிம்பிக்கை நினைத்துப் பாருங்கள். 2021 ஜூலை 27, பெண்கள் டிரையத்லான். அது அரைத் தூரத்தைவிடக் குறுகிய பந்தயம்தான். ஆயினும் பாடம் ஒன்றே. புயல்மழை வந்தது. புறப்பாட்டை 15 நிமிடம் தள்ளிவைத்தார்கள். பிறகு நனைந்த சாலையிலே பந்தயம் நடந்தது. சிலர் சறுக்கி விழுந்தார்கள். அன்று வென்றவர் புளோரா டஃபி. பெர்முடா என்ற சின்னஞ்சிறு தீவுக்கு ஒலிம்பிக்கிலே கிடைத்த முதல் தங்கம் அது. 15 நிமிடம் காத்ததால் அந்தத் தங்கத்தின் மாற்றுக் குறைந்துவிட்டதா?

பாரிஸிலே 2024-இல் என்ன நடந்தது? மழை பெய்தது, நகரத்துக் கழிவு சேன் நதியிலே கலந்தது, நீர் கெட்டது. ஜூலை 30 அன்று நடக்கவேண்டிய ஆடவர் பந்தயத்தை மறுநாளுக்கு மாற்றினார்கள். உலகமே பார்த்துக்கொண்டிருந்த மேடை, ஆனாலும் மாற்றினார்கள். மழை என்றால் மேலிருந்து விழும் நீர் மட்டுமல்ல, கீழிருந்து கிளம்பும் அழுக்கும்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இன்னும் பின்னே போவோம். ‘இரும்பு மனிதன்’ என்ற பெயரோடு ஹவாய்த் தீவிலே 1978-இல் தொடங்கிய முழுத் தூரப் பந்தயம்தான் இந்த நெடுந்தூரப் பந்தயங்களுக்கெல்லாம் மூலம். அதன் இரண்டாம் ஆண்டிலேயே, 1979-இல், வானிலை கெட்டது. பந்தயத்தை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். இரும்பு மனிதர்களே ஒரு நாள் காத்திருந்திருக்கிறார்கள்! அவர்களைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

‘மாதக்கணக்கில் பயிற்சி செய்தவன், பணம் கட்டியவன், விடுப்பு எடுத்து ஊர்விட்டு ஊர் வந்தவன், நிறுத்து என்றால் நிற்பானா?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பல பந்தயங்களிலே, வானிலையால் ரத்தானாலும் கட்டணம் திரும்பி வருவதில்லை. அதனால்தான் போட்டியாளனும் ‘நடத்து, நடத்து’ என்கிறான். ஆகவே விதியை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். எந்த நிலையிலே நீச்சலை விடுவது, எந்த நிலையிலே சைக்கிள் தூரத்தைக் குறைப்பது, எப்போது முழுவதையும் நிறுத்துவது, நிறுத்தினால் கட்டணத்தை அடுத்த ஆண்டுக்கு எப்படிக் கணக்கு வைப்பது என்பதெல்லாம் பணம் வாங்குமுன்பே தெரியவேண்டும். விதி இல்லாத இடத்திலே ஆசை ஆட்சி செய்யும். ஆசை ஆட்சி செய்யும் இடத்திலே ஆபத்துக்கு அழைப்பு அனுப்ப வேண்டியதில்லை.

இன்னொருவரை மறந்துவிட்டோம். சாலையோரத்திலே தண்ணீர்க் குவளை நீட்டுகிறாரே, திருப்பத்திலே கொடி பிடித்து வழிகாட்டுகிறாரே, அவரை! ஓடுகிறவனுக்காவது உடம்பிலே சூடு பிறக்கும். நிற்கிறவருக்கு? எட்டு மணி நேரம் மழையிலே நிற்கிறார். பதக்கமும் இல்லை, படமும் இல்லை. அவருக்கு ஒரு கூடாரம், மாற்று உடை, சூடான தேநீர், முறை மாற்ற இன்னொரு ஆள் ஆகிய இத்தனையும் ஏற்பாடு செய்யாத பந்தயம், எத்தனை பரிசு வழங்கினாலும் நல்ல பந்தயம் ஆகாது.

இங்கேதான் நம் நெஞ்சைத் தொடும் கேள்வி எழுகிறது. இடி முழங்கினால் நீரைவிட்டு ஏறு, கடைசி இடி ஓசைக்குப் பின் 30 நிமிடம் பொறு என்பது பாதுகாப்பு அறிந்தோர் சொல்லும் பாடம். பந்தய வீரனுக்கு இதைச் சொல்ல அதிகாரி இருக்கிறார், படகு இருக்கிறது, மருத்துவ வண்டி இருக்கிறது. நல்லது; இருக்கவே வேண்டும். அதே இடியின் கீழே வயலில் குனிந்து நிற்கும் தொழிலாளிக்கு யார் சொல்கிறார்கள்? நம் நாட்டிலே ஆண்டுதோறும் மின்னலுக்குப் பலியாகிறவர்களில் வயலில் வேலை செய்வோர் ஏராளம். விரும்பி மழையிலே ஓடுகிறவனுக்கு ஒரு விதி. வயிற்றுக்காக மழையிலே நனைகிறவனுக்கு விதியே இல்லை என்றால், அது என்ன நீதி? பந்தயத்துக்கு எழுதிய விதி வேலைத்தலத்துக்கும் வரட்டும்! நின்ற நேரத்துக்குக் கூலி குறையாது என்ற உறுதியும் கூடவே வரட்டும்!

ஆகவே தோழர்களே, பழைய கணக்கை அழிப்போம். மழையைக் கண்டு மிரள்வது வீரமல்ல. மழையை மதியாமல் பாய்வதும் வீரமல்ல. வளைவுக்கு முன்னே வேகத்தைத் தணிப்பவன் வீரன். நடுங்கும் தோழனை நிறுத்திப் போர்வை போர்த்துபவன் வீரன். ஆயிரம் பேர் ‘நடத்து’ என்று கூவும்போது, வானத்தைப் பார்த்து ‘இன்று வேண்டாம்’ என்று சொல்லத் துணிபவனும் வீரன். மற்றதெல்லாம் வீம்பு.

மழை ஓயும். சாலை காயும். பந்தயம் மீண்டும் வரும். அதிலே ஓட ஆள் இருக்க வேண்டுமே!