ஆகாயத்தில் ஒரு மண்டி

காலேஜ் ஃபீஸுக்காக என்னிடம் கொடுத்து வைத்திருந்த பணத்திலிருந்து மூவாயிரம் வேண்டும் என்றான் அக்கா பையன். எதுக்குடா மாப்ள என்றேன்.

"கப்பல் வாங்கணும் மாமா."

திருத்துறைப்பூண்டியில் இருந்துகொண்டு கோடியக்கரையில் போட் வாங்குகிறவர்களை எனக்குத் தெரியும். கப்பல் வாங்குகிறவர் யாரையும் தெரியாது. விசாரித்ததில் இது ஆகாயக் கப்பல். ஐஸ்லாந்துக்காரர்கள் 2003ல் ஆரம்பித்த 'ஈவ் ஆன்லைன்' என்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு. ஐயாயிரத்துக்கு மேல் நட்சத்திர மண்டலங்கள். சீனா நீங்கலாக உலகத்தில் எவர் ஆடினாலும் ஒரே ஆகாயம்தான். தினம் நம்ம டைம் மாலை 4.30க்கு சர்வரைக் கொஞ்ச நேரம் நிறுத்துகிறார்கள். டீ குடிக்க சௌகரியம்!

ரெண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சுடுவதும் துரத்துவதும் மேல்பூச்சு ஸார். உள்ளே இருப்பது அசல் மண்டி. விண்கல்லை ஒருத்தன் வெட்டுகிறான், ஒருத்தன் உருக்குகிறான், ஒருத்தன் கப்பல் கட்டுகிறான். ஜீட்டா என்று ஓர் இடம், அதுதான் அங்கே கோயம்பேடு. புரோக்கர் கமிஷன் உண்டு, விற்பனை வரி உண்டு. நாணயத்தின் பெயர் இஸ்க். பி.காம். படித்தவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆகவே புதிதாக இறங்குகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது எல்லாம் கணக்குப்பிள்ளை புத்திதான்.

முதல் விஷயம், ஆரம்பத்தில் பைசா போடாதீர்கள். 2016லிருந்து இலவசமாகவே ஆடலாம். ஆரம்ப ஏஜென்ட்கள் தரும் வேலைகளைச் செய்தாலே சின்னக் கப்பல்கள் சும்மா கிடைக்கும். திறமைகள் நிஜ நேரத்தில் வளர்கின்றன. நீங்கள் தூங்கினாலும் வளரும், நம்ம சம்பா மாதிரி. காத்திருக்க முடியாதவர்கள் நிஜப் பணம் கொடுத்து ப்ளெக்ஸ் வாங்கி, அதை விற்று, திறமையையும் பெரிய கப்பலையும் ஒரே நாளில் வாங்கிவிடலாம். சனி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஏனென்றால் இந்த ஆட்டத்தில் போன கப்பல் போனதுதான். மறுபடி முதலிலிருந்து என்கிற பேச்சே கிடையாது.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்றான் பையன். இருக்கிறது, வெறும் கூட்டுக்கு. மாட்டிய கருவிகளுக்கும் ஏற்றிய சரக்குக்கும் ஒன்றும் வராது. பயிர் இன்ஷூரன்ஸுக்கு அலைந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. இழந்தால் தாங்காத கப்பலில் ஏறாதே என்பது அங்கே பழைய ஆட்டக்காரர்கள் எல்லாரும் சொல்வது. "மூணு கப்பலுக்குக் காசு இருந்தா ஒண்ணுல ஏறு" என்றேன். மூவாயிரம் கைமாறவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை.

போலீஸ் உண்டு. கன்கார்டு என்று பெயர். பத்திரமான மண்டலத்தில் உங்களைச் சுட்டவனை அவர்கள் தப்பாமல் அழித்துவிடுவார்கள். ஆனால் வந்து சேர்வதற்குள் உங்கள் காரியம் முடிந்திருக்கும்! கொள்ளைக்காரனும் கணக்குப் போடுகிறவன்தான். தன் மலிவுக் கப்பல் போனாலும் உங்கள் சரக்கில் லாபம் நிற்குமா என்று பார்க்கிறான். எனவே மொத்தத்தையும் ஒரே நடையில் ஏற்றாதீர்கள். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். அது வாசலுக்குச் சில கிலோமீட்டர் தள்ளியே இறக்கிவிட்டு ஊர்ந்து போகும். பைபாஸில் இறக்கிவிடும் பஸ் மாதிரி. வழிப்பறிக்கு அந்த இடைவெளி போதும்.

ஜீட்டாவில் நுழைந்ததும் 'ஒரு கோடி அனுப்பு, ரெண்டு கோடியாகத் திருப்புகிறேன்' என்று கூவுவார்கள். எங்கள் பக்கத்து ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2 கிலோ விதை கொடுத்து அடுத்த வருஷம் 4 கிலோவாக வாங்கி, பாரம்பரிய ரகங்களைப் பரப்பினார். அங்கே நடுவில் ஒரு வயல் இருந்தது. ஜீட்டாவில் வயல் கிடையாது. அனுப்பினால் போய்விடும். புகார் செய்தாலும் கம்பெனி தலையிடாது. ஏமாற்றுவது ஆட்டத்தில் சேர்த்தி.

எந்த அளவுக்கு என்றால், ஆட்டக்காரர்களே ஈபேங்க் என்று ஒரு வங்கி நடத்தினார்கள். டெபாசிட், கடன் எல்லாம் உண்டு. 2009ல் அதன் தலைவரே 200 பில்லியன் இஸ்க்கைச் சுருட்டினார். நம் கணக்கில் இருபதாயிரம் கோடி! விஷயம் வெளியே வந்ததும் டெபாசிட்காரர்கள் பணத்தை எடுக்க முண்டியடித்தார்கள். கம்பெனி அவரை வெளியேற்றியது உண்மை. திருடியதற்காக இல்லை ஸார், திருடியதை வெளியே நிஜப் பணத்துக்கு விற்றதற்காக! சீட்டுக் கம்பெனிகளைப் பார்த்துப் பழகிய நமக்கே இது கொஞ்சம் புதுசு.

அதற்காக எவரையும் நம்பாமல் தனியாகச் சுற்றினால் ஒரு மாசத்தில் அலுத்துவிடும். கூட்டம் வேண்டும். ஈவ் யுனிவர்சிட்டி என்று ஆட்டக்காரர்களே 2004ல் ஆரம்பித்த ஒரு குழு இன்னும் புதுசுகளுக்கு வகுப்பெடுக்கிறது. வேறு குழுவில் சேர்ந்தாலும் சரிதான். 'உன் கப்பல்களையெல்லாம் எங்களிடம் கொடு, பத்திரமாகக் கொண்டுவருகிறோம், சேர்க்கைக்கு இவ்வளவு இஸ்க்' என்று எவனாவது ஆரம்பித்தால் மட்டும், மெடிக்கல் சீட் வாங்கித் தருகிறேன் என்று வருகிற ஆசாமியிடம் என்ன சொல்வீர்களோ அதையே சொல்லிவிடுங்கள்.