ஆறு ஆண்டுகளும் ஒரு சர்க்கரைக் கட்டியும்



பள்ளிகள் திறந்துவிட்டன. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெற்றோர் எழுதியவைதான் அதிகம். பிள்ளை இன்னும் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான் என்கிறார் ஒருவர். பாட்டு வகுப்பில் சேர்த்து இத்தனை நாளாகியும் மேடையேறவில்லையே என்கிறார் இன்னொருவர். எல்லாக் கடிதங்களிலும் உள்ள கேள்வி ஒன்றேதான்: இதெல்லாம் கொஞ்சம் சீக்கிரம் நடக்காதா? அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு, இந்த முறை குதிரைகளைப் பற்றி எழுதுகிறேன். அவசரம் என்ன செய்யும், பொறுமை என்ன செய்யும் என்பதை ஒரு குதிரை காட்டுவதுபோல் வேறு எதுவும் தெளிவாகக் காட்டி நான் அறிந்ததில்லை.

ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவில் ‘ஸ்பானிஷ் ரைடிங் ஸ்கூல்’ என்ற குதிரையேற்றப் பள்ளி இருக்கிறது. அதன் வரலாறு 450 ஆண்டுகளைத் தாண்டியது. அங்கே பயிலும் லிப்பிஸானர் குதிரைகள் பாலாய் வெளுத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ஆனால் பிறக்கும்போது அவை கறுப்பாகவோ கரும்பழுப்பாகவோதான் இருக்கும். முழுதாக வெளுக்க ஆறு முதல் பத்து ஆண்டுகள்வரை ஆகும். பைபர் என்ற ஊரின் பண்ணையில் பிறந்து, கோடையில் மலைப் புல்வெளிகளில் ஓடித் திரியும் ஆண் குட்டிகள், நான்கு வயதை ஒட்டித்தான் வியன்னாவுக்கு வருகின்றன. அதற்குப் பிறகும் முதல் ஆண்டு முழுக்க எந்த வித்தையும் கிடையாது. முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு நேராக நடக்க வேண்டும், ஓட வேண்டும், சொன்னால் நிற்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். முழுப் பயிற்சி முடிய ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் பிடிக்கும். நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும் அந்தப் புகழ்பெற்ற பாய்ச்சல் சில குதிரைகளுக்கு மட்டுமே கைவரும். வராத குதிரையை வதைப்பதில்லை. அதற்கு எது இயல்பாக வருகிறதோ அதில் தேர்ச்சி கொடுக்கிறார்கள்.

சவாரி பழக வரும் இளைஞருக்கும் இதே கதிதான். தொடக்கத்தில் அவர் கையில் கடிவாள வார் இருக்காது, காலுக்கு அங்கவடியும் இருக்காது. நீண்ட கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி ஆசான் நடுவில் நிற்க, அனுபவப்பட்ட குதிரை ஒன்று அவரைச் சுமந்துகொண்டு வட்டமாகச் சுற்றிச் சுற்றி வரும். குதிரையின் அசைவோடு தன் உடம்பு இசையும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருக்க வேண்டும். முழுத் தேர்ச்சி பெற்ற சவாரிக்காரராக அவருக்குப் பத்தாண்டுகள்கூட ஆகலாம்.

ஏன் இத்தனை காலம்? முதல் காரணம் உடம்பு. குதிரையின் எலும்புகள் ஒரே சமயத்தில் முதிர்வதில்லை. குளம்பை ஒட்டியவை முதலில் முதிரும். சவாரி செய்பவரின் பாரம் விழுகிற முதுகெலும்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான், ஐந்து வயதைத் தாண்டியபின், முழுதாக முதிரும். இரண்டாவது காரணம் பயம். புல் தின்று, வேட்டை விலங்குகளிடமிருந்து ஓடிப் பிழைத்த இனம் அது. தலையின் இரு பக்கங்களிலும் அமைந்த கண்களால் ஏறக்குறையத் தன்னைச் சுற்றி முழுவதையும் பார்க்கும். அதனால் பார்க்க முடியாத இடங்களில் ஒன்று தனக்கு நேர் பின்னால். ஒருவர் ஏறி உட்காருவதும் தலைக்குப் பின்னால், அதன் முதுகில்தான்! அந்த இடத்தை நம்மிடம் ஒப்படைக்க அதற்குக் காலம் வேண்டாமா?

பழக்குவோரின் வேலையைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். குதிரையின் விலாவில் கால் மெல்ல அழுந்துகிறது. குதிரைக்கு ஒன்றும் புரியவில்லை. காதைத் திருப்புகிறது, வாலை வீசுகிறது. கால் அதே அளவில் அழுந்தியபடி காத்திருக்கிறது. எடை ஒரு பக்கம் சாய்ந்து, ஒரு குளம்பு ஓரடி நகர்கிறது. அந்தக் கணமே கால் விலக வேண்டும். தான் செய்தது சரி என்பதைக் குதிரை அந்த விடுதலையிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. ஓரடி வைத்ததே என்று மகிழாமல், உடனே பத்தடி வேண்டும் என்று மேலும் அழுத்தினால், முதல் அடியும் தப்பு என்றே அது எடுத்துக்கொள்ளும்.

கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கரான செனபன் குதிரையேற்றம் பற்றி ஒரு நூல் எழுதினார். கோபத்தோடு குதிரையை நெருங்காதே என்பது அவருடைய தலையாய அறிவுரை. ஒரு பொருளைக் கண்டு குதிரை மிரண்டால், நீயே முதலில் அதைத் தொட்டுக் காட்டி, பிறகு குதிரையை மெல்ல அருகே கூட்டிப் போ என்கிறார். அடித்தால் பயம் கூடத்தான் செய்யும். வலிக்கும் அந்தப் பொருள்தான் காரணம் என்று குதிரை நினைத்துக்கொள்ளும்.

கோபத்தை மறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணவும் முடியாது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பெயர் வாங்கியது. விடை எத்தனையோ அத்தனை முறை குளம்பால் தரையைத் தட்டும். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் 1907இல் உண்மையைக் கண்டுபிடித்தார். சரியான எண் வந்ததும், கேள்வி கேட்டவரின் தலை அவரே அறியாமல் சற்று அசைந்திருக்கிறது. ஹான்ஸ் அதைப் பார்த்துத் தட்டுவதை நிறுத்தியிருக்கிறது. நாம் வாய் திறக்கும் முன்பே நம் பதற்றம் குதிரைக்குத் தெரிந்துவிடுகிறது.

வியன்னா சவாரிக்காரர்களின் நீண்ட கோட்டில், பின்புற மடிப்புக்குள் ஒரு பை உண்டு. அதில் சர்க்கரைக் கட்டிகள் இருக்கும். குதிரை ஒன்றைச் சரியாகச் செய்ததும் கை அந்தப் பைக்குப் போகும். ஆறு ஆண்டுப் பயிற்சியும் இப்படி அன்றன்றைக்குரிய சின்னச் சின்னப் பாராட்டுகளில்தான் நகர்கிறது.

பெற்றோரே, ஆசிரியர்களே, பிள்ளைகளிடமும் அந்த ஓரடியைக் கவனியுங்கள். நேற்று தடுமாறிய சொல்லை இன்று வாசித்தால், அடுத்த பக்கத்தைத் திருப்பும் முன் ஒரு வார்த்தை பாராட்டிவிடுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் வேகம் அவனோடு இருக்கட்டும்.

உங்களுக்கும் அப்படி ஒருவர் காத்திருந்திருப்பார்: சைக்கிள் பழக்கிய அண்ணனோ, கணக்கை மறுபடி மறுபடி சொல்லித்தந்த டீச்சரோ, தையல் கற்றுக்கொடுத்த அத்தையோ. அவரைப் பற்றி எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் அந்தக் கடிதங்களுக்கென்றே பக்கங்கள் ஒதுக்குகிறோம். அதற்கு முன், அவர் அருகில் இருந்தால், அவரிடமே நேரில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்