தோளில் சுமந்த சோறு



சென்ற மாதம் தென்காசிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மூத்த மகனுக்குப் பினாங்கில் ஓர் உணவு விடுதியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே அவன் என்ன சாப்பிடுவான், நம் பிள்ளைகளின் வயிற்றுக்கு அது ஏற்குமா, ஹலால் பேணப்படுமா என்று கேட்டிருந்தார். கடைசிப் பக்கத்தில் மட்டும் எழுத்து சிறுத்துப் போயிருந்தது. சொந்தபந்தங்களிடம் 'கம்பெனி வேலை' என்றே சொல்லி வைத்திருக்கிறாராம். ஆகவே பெயரையோ ஊரையோ வெளியிட வேண்டாம் என்று அடிக்கோடிட்டிருந்தார்.

வெளியிடவில்லை. ஆயினும் அந்தக் 'கம்பெனி வேலை' என்ற சொல் சில நாட்கள் என் மனத்தை விட்டு அகலவில்லை. அதன் காரணத்தைப் பின்னர் சொல்கிறேன். முதலில் சகோதரியின் கேள்விக்கு வருவோம். உணவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி உண்டா என்று என் மனைவி கேட்டார். உண்பவனுக்கு உள்ள தகுதி மட்டுமே உண்டு.

2017ஆம் ஆண்டு என் மச்சானின் அழைப்பின்பேரில் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுனில் ஆறு நாட்கள் தங்கினேன். 1786இல் ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் நிறுவிய துறைமுக நகரம் அது. 2008இல் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. நம்மவர் அங்கே காலூன்றியதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. சூலியா தெரு என்ற பெயரே தமிழ் முஸ்லிம்களான சூலியர்களின் பெயர்தான். பக்கத்தில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். சற்று நடந்தால் நாகூர் தர்காவின் நினைவாக எழுப்பிய சிறு தர்கா. பள்ளியில் லுஹர் தொழுதுவிட்டு வெளியே வந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் கறி மணம்.

அங்குள்ள முதன்மையான உணவுக்கு 'நாசி கண்டார்' என்று பெயர். மலாய் மொழியில் நாசி என்றால் சோறு. கண்டார் என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. நம் வழக்கில் சொன்னால் காவடிச் சோறு. தண்டின் ஒரு முனையில் சோற்றுப் பானை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள். விடியலில் துறைமுகத்துக்குச் சுமந்து சென்று, மூட்டை தூக்கும் தொழிலாளர்களுக்கு விற்றார்கள் நம் முன்னோர். அவர்களில் கணிசமானோர் கடையநல்லூர், இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து சென்றவர்கள். சிலர் நாளடைவில் தண்டை இறக்கிக் கடை போட்டார்கள். 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் நடக்கிறது.

உண்ணும் முறை நம் விருந்துச் சாப்பாட்டைப் போன்றதன்று. தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். பொரித்த கோழி, மாட்டிறைச்சிக் கறி, மீன்தலைக் குழம்பு, கணவாய், மீன் சினை, முழுதாக வேகவைத்த வெண்டைக்காய் என்று நாம் காட்டக் காட்ட எடுத்து வைக்கிறார்கள். பின்னர் நான்கைந்து சட்டிகளிலிருந்து வெவ்வேறு குழம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஊற்றுகிறார்கள். சோறு மூழ்கும்படி வேண்டுமானால் 'பஞ்சிர்' என்று சொல்ல வேண்டும். மலாயில் வெள்ளம் என்று பொருள். நான் விவரம் அறியாமல் தலையாட்டிவிட்டேன். தட்டில் வெள்ளம் வந்துவிட்டது. எந்தக் குழம்பு எது என்று பிரித்தறிய முடியாத அந்தக் கலவையில்தான் ருசியே இருக்கிறது என்பது மூன்றாவது கவளத்தில் விளங்கியது. நம் வீட்டில் இப்படிக் குழம்புகளைக் கலந்தால் உம்மா கரண்டியைத் தூக்குவார்.

ரொட்டி சானாய் நம் பரோட்டாவின் உடன்பிறப்பு. ஆனால் குணம் வேறு. நம் மாஸ்டர் மாவைச் சுருட்டி வட்டமாக்கி, சுட்டபின் இரு கையாலும் அடித்து நொறுக்குகிறார். அங்கே மாவை வீசி வீசித் துணிபோல் மெலிதாக்கி, சதுரமாக மடித்துக் கல்லில் போடுகிறார்கள். தொட்டுக்கொள்ளப் பருப்பும் மீன் குழம்பும். சானாய் என்பது 'சென்னை'யின் திரிபு என்று நம்மவர் பெருமையாகச் சொல்வதுண்டு. மலாயில் 'சானாய்' என்றால் மாவைத் தேய்த்து விரிப்பது. அந்தப் பொருளே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. சிங்கப்பூரில் இதுவே ரொட்டி பராட்டா ஆகிவிடுகிறது.

முர்தபாவைப் பற்றி மட்டும் ஒரு மத்ரஸா ஆசிரியன் பேசாமல் இருக்க முடியாது. இறைச்சியும் முட்டையும் வெங்காயமும் உள்ளே வைத்து மடித்துச் சுடும் இதை நாகூரிலும் உண்டிருக்கிறேன். பெயர் அரபியின் 'முதப்பக்' என்பதிலிருந்து வந்தது. மடிக்கப்பட்டது என்று பொருள். அரபுச் சொல், தமிழர் கை, மலாய் நாட்டுக் கல். அங்கேயே ஒரு தட்டில் சீனர்களின் மஞ்சள் நூடுல்ஸை நம்மவர் மிளகாயும் தக்காளியும் உருளைக்கிழங்கும் போட்டு வதக்கி எலுமிச்சை பிழிந்து தருவது மீ கோரெங். பசெம்பூர் என்பது வெள்ளரிக்காய், சோயாக்கட்டி, இறால் வடை ஆகியவற்றை நறுக்கி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு சேர்த்துக் காய்ச்சிய இனிப்பும் காரமுமான கெட்டிக் குழம்பை மேலே ஊற்றித் தருவது. ஆறு நாட்களில் நான்கு நாள் அதைத் தேடிப் போனேன் என்றால் மற்றதைச் சொல்லத் தேவையில்லை. தேத்தாரேக் எனப்படும் இழுத்த தேநீர், நம் டீ மாஸ்டர்கள் ஆற்றுவதே; டின் பால் சேர்ப்பதால் நுரை தடித்து நிற்கிறது.

இந்தக் கடைகளுக்கு அந்நாட்டில் 'மாமாக்' கடை என்று பெயர். நம் 'மாமா'தான் அது. கடை 'கெடாய்' ஆயிற்று. கறி 'காரி' ஆயிற்று. அப்பம் 'அப்பாம்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. பல கடைகள் இரவு முழுவதும் திறந்திருக்கின்றன. மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒரே மேசையில் அமர்ந்து கால்பந்து பார்த்துக்கொண்டே உண்கிறார்கள்.

ஹலால் பற்றி ஐயமுள்ள சகோதரிக்கு: மாமாக் கடைகளில் கவலை வேண்டாம். அரசுத் துறையான ஜாகிம் வழங்கும் ஹலால் முத்திரை பல இடங்களில் சுவரிலேயே இருக்கும். ஆனால் பல கடைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கும் பொது அங்காடிகளில் விசாரித்தே உண்ண வேண்டும். சார் குவே தியோ என்ற சீன நூடுல்ஸைப் பன்றிக் கொழுப்பில் வதக்குவது பழைய வழக்கம். நான் கேட்டபோது அந்தச் சீன முதியவர் சிரித்துக்கொண்டே கையை அசைத்து, எதிர்வரிசைக் கடையைக் காட்டினார். அவருடைய நேர்மைக்கு நன்றி.

நிற்க. இனி, அந்தச் சொல்லைப் பற்றி.

எங்கள் பாட்டனார் இளமையில் பினாங்கு போய்வந்தவர். பழவேற்காட்டில் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே வாக்கியத்தில் முடிந்துவிடும்: பினாங்கில் கடை வைத்திருந்தார். எத்தகைய கடை, எந்தத் தெரு என்று கேட்டால் பாட்டியார் பேச்சை மாற்றிவிடுவார். ஜார்ஜ் டவுனில் நான் உண்ட ஒரு கடையின் சுவரில் பழைய புகைப்படம் மாட்டியிருந்தது. முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, வெற்று மார்பு, தோளில் தண்டு, இரு முனையிலும் பாத்திரங்கள். படத்தில் இருந்தவர் யாரோ. ஆனால் அந்தத் தோளைப் பார்த்தபோது, என் சிறுவயதில் பாட்டனாருக்கு எண்ணெய் தேய்த்துவிடும்போது வலத்தோளில் கைக்குத் தட்டுப்பட்ட காய்ப்பு நினைவுக்கு வந்தது. தோல் தடித்து, நிறம் கறுத்து, ஒரு கைப்பிடி அளவு இருக்கும். பிறவியிலேயே வந்தது என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

கடை வைத்திருந்தது உண்மைதான். தோளில் வைத்திருந்தார். அதைச் சொல்வதில் என்ன குறை கண்டார்களோ! தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கை உழைப்பில் உண்டதைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற எனக்கு, என் வீட்டிலேயே ஒரு தண்டை ஒளித்து வைத்திருந்தது நாற்பது வயது வரை தெரியவில்லை. சகோதரியின் 'கம்பெனி வேலை' என்னை ஏன் தொந்தரவு செய்தது என்பது இப்போது உங்களுக்கு விளங்கும்.

இன்னொன்றும் அங்கே கேட்டேன். மலாய்க்காரர்கள் வீட்டிலும் பள்ளிவாசலுக்கும் உடுத்தும் கட்டம் போட்ட கைலிக்கு 'காயின் பெலிக்காட்' என்று பெயர். பெலிக்காட் என்பது புலிக்காட். அதாவது எங்கள் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டுவதற்கு முன்பே இக்கரையின் துணிகள் மலாக்காவுக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தன. துணி விற்கப் போனவனின் ஊர்ப்பெயர் இன்றும் அங்கே நிற்கிறது. சோறு சுமக்கப் போனவனை நாம் 'கடை வைத்திருந்தார்' என்று சுருக்கிவிட்டோம்.

பினாங்கு மாநில அரசு 2014இல் அறிவித்து 2016 முதல் ஒரு விதியை நடைமுறைப்படுத்தியது. தெருவோரக் கடைகளில் ஊரின் பெயர்பெற்ற பண்டங்களை வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது. உதவியாளராக இருக்கலாம், தட்டுக் கழுவலாம், அடுப்பின் முன் நிற்கக் கூடாது. பாரம்பரிய ருசி கெட்டுவிடக் கூடாது என்பது காரணம். அந்தப் பட்டியலில் பசெம்பூரும் இருந்தது! 2018இல் நாடு முழுவதும் உணவகங்களில் உள்ளூர்ச் சமையலாளரையே வைக்க வேண்டும் என்று மனித வள அமைச்சர் அறிவித்தார். பலத்த எதிர்ப்பு எழவே அது அப்படியே நடைமுறைக்கு வரவில்லை. அவர்களின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். குறைந்த கூலிக்கு ஆள் பிடித்துக் கரண்டியைக் கொடுத்துவிட்டு முதலாளி வீட்டில் படுத்துக்கொண்டால் எந்த உணவும் கெடும். ஆனால் தண்டு சுமந்து வந்தவனும் அன்றைக்கு வெளிநாட்டவனே அல்லவா?

நான் தங்கியிருந்த விடுதிக்குக் கீழே ஒரு கடையில் இராமநாதபுரத்துப் பையன் ஒருவன் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். சமைக்கத் தெரியுமா என்று கேட்டேன். "நல்லாவே தெரியும் ஹஜ்ரத், ஆனா இங்க கழுவத்தான் அனுமதி" என்றான்.

இதை எழுதும்போது அவனோடு இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் வந்தபோது மீனவர் குப்பம் இடம் பெயர்க்கப்பட்டது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இன்று அந்தச் சாலையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர் பலரைக் காணலாம். மாலையில் ஒருவர் தள்ளுவண்டியில் ரொட்டியும் குக்னியும் விற்கிறார். குக்னி என்பது பட்டாணியை மசாலாவில் வேகவைத்து, மேலே பச்சை வெங்காயம் தூவித் தருவது. என் மாணவர்கள் இருவர் அவரை 'வடக்கன் வண்டி' என்று கேலி பேசியதை என் காதால் கேட்டேன். கரையை இழந்த மீனவர்களின் துயரம் உண்மையானது. அதற்கு அந்த வண்டிக்காரர் பொறுப்பல்லர். மறுநாள் அந்த இருவரையும் அழைத்துக்கொண்டு போய் ஆளுக்கு ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தேன். ஒருவன் இரண்டாவது தட்டுக் கேட்டான். பினாங்குக் கதையையும் பாட்டனார் தோளையும் அங்கே நின்றபடியே அவர்களுக்குச் சொன்னேன்.

சகோதரிக்குச் சில நடைமுறைச் செய்திகள். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா அளித்த விசா இல்லா நுழைவு, சுற்றிப் பார்ப்பதற்கானது. அதை நம்பி வேலைக்குப் போனால் சிறைவாசமும் நாடு கடத்தலும் நேரலாம். வேலை அனுமதி கையில் வந்தபின்பே மகனை அனுப்புங்கள். பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு மலேசியாவில் வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி கட்டாயம். அரசிடம் பதிவு பெற்ற முகவர்தாமா என்று விசாரியுங்கள். போய்ச் சேர்ந்ததும் பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அதன் நகலை உங்களிடமும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வேலை சமையலா, பரிமாறலா, கழுவலா என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். உங்கள் ஊர்க் குழம்பு அவனுக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. போனதும் அவனை எனக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். பசெம்பூர்க் குழம்பின் பக்குவம் என்ன என்று நான் கேட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.