பழைய மினி டிராக்டர்: பெயின்ட் மட்டும் புதிது

கையில் இரண்டரை லட்சம் ரூபாயை வைத்துக்கொண்டு மினி டிராக்டர் வாங்கக் கிளம்பும் சிறு விவசாயி போய் நிற்கும் இடங்கள் மூன்று. ஒன்று, பழைய வண்டிகளைக் கழுவி, பெயின்ட் அடித்து, வரிசையாக நிறுத்தியிருக்கும் கன்சல்டிங் கடை. இரண்டாவது, தவணை கட்டாததால் பைனான்ஸ்காரர்கள் பிடித்துவந்த ‘சீஸிங்’ வண்டிகள் நிற்கும் யார்டு. மூன்றாவது, வண்டியை விற்கப்போவதாகச் சொல்லியனுப்பிய பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் மாட்டுக்கொட்டகை. எங்கே போனாலும் நிலைமை ஒன்றுதான். வண்டியைப் பற்றி விற்பவருக்கு எல்லாம் தெரியும். வாங்குபவருக்கு அதன் நிறம் மட்டும் தெரியும்.

இந்தச் சந்தைக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பதை நிலக்கணக்கைப் பார்த்தாலே புரிந்துகொள்ளலாம். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. தென்னைக்கும் வாழைக்கும் நடுவிலோ, கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைப் பந்தலுக்குக் கீழேயோ ஐம்பது குதிரைத்திறன் வண்டியை விட முடியாது. உழவு மாடு வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஒருவர் இருவர்தான். களைவெட்ட ஆள் கிடைப்பது அதைவிடக் கஷ்டம். இந்த இடத்தில்தான் மூன்றடி, நான்கடி அகலத்தில், 15 முதல் 28 குதிரைத்திறன் வரையிலான டீசல் வண்டிகள் வந்து உட்கார்ந்தன. ஓசூரில் தயாராகும் வி.எஸ்.டி. சக்தி, ஒற்றை சிலிண்டரில் ஓடும் மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717, மூன்று சிலிண்டரோடு நான்கு சக்கர இழுவையும் உள்ள குபோட்டா பி2441, ராஜ்கோட்டிலிருந்து வரும் கேப்டன் என்று பழைய சந்தையில் அடிபடும் பெயர்கள் பல.

புதிதாக வாங்கினால் மாடலுக்கேற்ப மூன்று லட்சத்துக்குச் சற்று மேலே தொடங்கி ஆறு லட்சத்தையும் தாண்டும். பழையதைத் தேடுவதற்கு இது போதுமான காரணம்தான். ஆனால், 2025 செப்டம்பர் 22 முதல் விலைக்கணக்கு மாறியிருக்கிறது. டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயருக்கான வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகவும் இறங்கின. வரிக்கு முன் ஐந்து லட்சம் விலையுள்ள புது வண்டி முன்பு 5.60 லட்சம், இப்போது 5.25 லட்சம். புதியதில் 35,000 ரூபாய் குறைந்தால் பழையதும் அதற்கேற்ப இறங்கியாக வேண்டும். விற்பவர் இதைத் தானாக எடுத்துச் சொல்ல மாட்டார். “புதுசே அஞ்சேகால்தாண்ணே, மூணு வருஷம் ஓடுன வண்டிக்கு நாலரை கேக்குறீங்களே” என்று வாங்குபவர்தான் வாயைத் திறக்க வேண்டும்.

பேரம் பேசுவதற்கு முன்னால் தனக்கு வண்டி தேவையா என்ற கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டு ஏக்கரில் நெல்லோ கடலையோ போடுபவருக்கு ஆண்டு முழுவதும் சேர்த்து நாற்பது மணி நேர உழவு இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து வெளி வண்டியை அழைத்தாலும் செலவு நாற்பதாயிரம். இரண்டரை லட்சத்தை 14 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கினால் முதல் ஆண்டு வட்டியே ஏறக்குறைய 35,000 ரூபாய். அசல், டீசல், ஆயில், பேட்டரி, காப்பீடு எல்லாம் அதற்கு மேல். இவருக்கு வேளாண் பொறியியல் துறையின் வாடகை வண்டியோ, ஊரில் ஓடும் வாடகை வண்டியோ போதும். பருவத்தில் முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்தக் காத்திருப்புக்கு இரண்டரை லட்சம் மிகப் பெரிய விலை.

ஐந்தாறு ஏக்கரில் தென்னை, வாழை, மஞ்சள் வைத்து, இடையுழவு, மருந்தடிப்பு, எரு இழுப்பு என்று வாரத்தில் இரண்டு நாளாவது வண்டியை எடுப்பவருக்குக் கணக்கு வேறு. தன் வேலை போக அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கும் ஓட்டிக் கொடுக்கிறவருக்கும் கட்டுப்படியாகும். அவர்கள் பழைய வண்டி வாங்குவதில் தவறே இல்லை. சொல்லப்போனால் இந்தக் குதிரைத்திறனில் பழைய வண்டிக்கு ஒரு வசதி உண்டு. 2023 ஜனவரியில் அமலான ட்ரெம் 4 புகை விதி 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குத்தான். சிறு வண்டிகள் பெரும்பாலும் பழைய பாணிப் பம்பும் நாசிலுமாகவே இருக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாமலேயே உள்ளூர் மெக்கானிக்கால் பிரித்து மாட்ட முடியும்.

அந்த மெக்கானிக்கை அழைத்துக்கொண்டு காலையில், முன்கூட்டிச் சொல்லாமல் போவது நல்லது. போனதும் பானட்டைத் திறந்து எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஒருமுறை கிளப்பி வைத்துவிட்டார்கள் என்று பொருள். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின் ஒரே இழுப்பில் பிடிக்கிறதா, இருமி இருமிப் பிடிக்கிறதா என்பதிலேயே வண்டியின் ஜாதகம் பாதி தெரிந்துவிடும். மீதியைப் புகை சொல்லும். கிளப்பியவுடன் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகை இயல்பு. அது நிற்காமல் வந்தால் நாசில் கோளாறாக இருக்கலாம், அல்லது தண்ணீர் எஞ்சினுக்குள் போகலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ரிங், போர் வேலைக்குப் பணம் எடுத்துவைக்க வேண்டும். பாரம் இழுக்கும்போது கரும்புகை கக்கினால் ஏர் பில்டரையும் பம்பையும் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தாலோ, டிப் ஸ்டிக்கில் ஆயில் வெளுத்துக் கலங்கியிருந்தாலோ மேற்கொண்டு பேரம் பேசத் தேவையில்லை.

அடுத்தது ஹைட்ராலிக். கலப்பையையோ ரோட்டவேட்டரையோ மாட்டி மேலே தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, தள்ளி நின்று ஒரு டீ குடிக்கலாம். டீ முடிவதற்குள் கலப்பை தரையைத் தொட்டுவிட்டால் சீலோ வால்வோ தேய்ந்துபோயிருக்கிறது.

மீட்டர் 900 மணி நேரம் என்று காட்டும். ஆனால் கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். பின்கொக்கியின் துளை நீள்வட்டமாக அகன்றிருக்கும். அந்த இரண்டையும் நம்பலாம், மீட்டரை நம்ப வேண்டியதில்லை. டெல்டாவில் கேஜ் வீல் மாட்டிச் சேற்றுழவு ஓடிய வண்டியா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சேற்றில் ஊறிய வண்டியின் அச்சு சீலும் பேரிங்கும் சீக்கிரம் போகும். நான்கு சக்கர இழுவையாக இருந்தால் முன்பக்கச் செலவும் சேரும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் படிக்க வேண்டும். 2418 என்று இருந்தால் அந்த டயர் 2018-ஆம் ஆண்டின் 24-ஆவது வாரத்தில் தயாரானது. கட்டை தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் வெடித்துக்கொள்ளும்.

எஞ்சின் நன்றாக இருந்தும் உதிரிபாகம் கிடைக்காமல் கொட்டகையில் நிற்கும் வண்டிகள் உண்டு. இது நம் ஊருக்கு மட்டும் உரிய பிரச்சினை அல்ல. ஜப்பானில் ஓடிப் பழசான சிறு டிராக்டர்களை வியாபாரிகள் கப்பலேற்றி அமெரிக்காவில் மலிவாக விற்றார்கள். ஜப்பானிய விவசாயிக்கென்று செய்த மாடல்கள் அவை. எச்சரிக்கைக் குறிப்புகள் ஜப்பானிய மொழியில் இருந்தன. பாகங்களும் சர்வீஸும் அமெரிக்க டீலர்களிடம் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. குபோட்டா நிறுவனம் வழக்குக்குப் போனது. அத்தகைய வண்டிகளின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட தடையை 1999-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. ஜப்பான் வண்டியின் தரத்தில் யாரும் குறை சொல்லிவிட முடியாது. பின்னால் வரும் சர்வீஸ்தான் அங்கே சிக்கலாக இருந்தது.

நம் விவசாயி செய்ய வேண்டிய சோதனை எளிது. முன்பணம் கொடுப்பதற்கு முன் பக்கத்து டவுனில் உள்ள பார்ட்ஸ் கடைக்குப் போய், அந்த மாடலுக்குக் கிளட்ச் பிளேட், நாசில், ஆயில் பில்டர், ஹைட்ராலிக் பம்பு நான்கும் என்ன விலை என்று கேட்க வேண்டும். “ஆர்டர் போட்டு வரவழைக்கணும், பத்து நாளாகும்” என்று பதில் வந்தால், ஈரம் காய்வதற்குள் உழ வேண்டிய பருவத்தில் அந்தப் பத்து நாள் வண்டி சும்மா நிற்கும் என்று புரிந்துகொள்ள வேண்டும்.

இரும்பைப் பார்க்கத் தெரிந்தவர்கள்கூடக் காகிதத்தில் கோட்டை விடுகிறார்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். கடனில் எடுத்த வண்டியாக இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 பைனான்ஸ் நிறுவனத்தின் கையெழுத்தோடு வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-இல் தடையில்லாச் சான்று. பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு புதுப்பிக்க வேண்டும். டிரெய்லருக்குத் தனிப் பதிவு. மானியத்தில் வாங்கிய வண்டியா, குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை உண்டா என்றும் விசாரிக்க வேண்டும்.

“வண்டிதான் நம்ம கையில இருக்கே, பேரு அப்புறம் மாத்திக்கலாம்” என்பது ஊரில் சகஜமான பேச்சு. இதில் விற்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். விற்று, கைமேல் கைமாறிப்போன வாகனம் ஒன்று விபத்தில் சிக்கிய வழக்கில், 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே. எப்போதோ விற்றுவிட்ட டிராக்டர் எங்கோ ஒருவரை இடித்தாலும், பெயர் மாறாதிருந்தால் நோட்டீஸ் பழைய உரிமையாளர் வீட்டுக்குத்தான் வரும்.

இவ்வளவையும் தனியொரு விவசாயியின் சாமர்த்தியத்துக்கு விட்டுவிடுவது நியாயமல்ல. அரசின் கவனம் முழுவதும் புது வண்டியின் பக்கமே இருக்கிறது. 2014-15-இல் தொடங்கிய வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தில், உச்சவரம்புக்கு உட்பட்டு, சிறு, குறு விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரை மானியம் உண்டு. மானியம் போக மீதியைப் புரட்ட முடியாதவர்தான் பழைய வண்டிக்குப் போகிறார். புதிய மாடல்களைச் சோதித்து அறிக்கை தர மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் 1955-இல் தொடங்கப்பட்ட மத்திய நிறுவனம் இயங்குகிறது. ஆந்திரத்தின் கார்லதின்னேயில் தென்மண்டல நிறுவனமும் இருக்கிறது. பழைய வண்டி வாங்குபவருக்கு அப்படி ஒரு துணை இல்லை.

அதை ஏற்படுத்தப் பெரிய திட்டமோ புதிய கட்டடமோ தேவையில்லை. வேளாண் பொறியியல் துறையிடம் மாவட்டந்தோறும் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் கட்டணம் வாங்கிக்கொண்டு, பழைய டிராக்டரைக் குளிர்ந்த நிலையில் கிளப்பிப் பார்த்து, ஹைட்ராலிக்கையும் அச்சையும் சோதித்து, சேசிஸ் எண்ணையும் கடன் நிலுவையையும் சரிபார்த்து ஒரு பக்கச் சான்று கொடுக்கலாம். அந்தச் சான்றை வைத்துக் கூட்டுறவு வங்கிகள் பழைய டிராக்டருக்கும் நியாயமான வட்டியில் கடன் தரலாம். புது வண்டிக்குக் கொடுக்கும் மானியத்தோடு ஒப்பிட்டால் இதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. வரும் வேளாண் நிதிநிலை அறிக்கையில் இதை அறிவிக்க வேண்டும்.

அதுவரை, பழைய வண்டி வாங்குகிறவர்கள் பேசிய தொகையில் ஒரு பங்கைக் கையில் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உங்கள் பெயர் ஏறிய பிறகு அதைக் கொடுங்கள். ஒப்புக்கொள்ளாத விற்பனையாளரிடம் வண்டி வாங்க வேண்டாம்.