நாலு பேர் என்ன சொல்வார்கள்?

உங்களில் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளின் பின் ஸீட்டில் உட்கார்ந்து ஊர் சுற்றியிருக்கிறீர்கள்? கல்யாணமான புதிதில் சினிமாவுக்குப் போன கதையை நான் கேட்கவில்லை. தலை நரைத்து, பேரனுக்குச் சோறு ஊட்டும் வயதில் போயிருக்கிறீர்களா என்று கேட்கிறேன். நான் போனேன், போன தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

எங்கள் வீடு புதுச்சேரியில் தட்டாஞ்சாவடியில் இருக்கிறது. சாவடி என்றால் வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறும் இடம். அப்படிப்பட்ட பெயருள்ள ஊரில் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்தும், சுற்றியுள்ள கிராமங்களின் பெயரைப் பஸ் போர்டில் படித்ததோடு சரி. சமீபத்தில் ரிட்டையரான என் கணவர், "எல்லாம் எழுபது கிலோமீட்டர் சுற்றுக்குள் அடங்கிவிடும். காலையில் கிளம்பினால் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்துவிடலாம்" என்றார்.

"இந்த வயசில் மோட்டார் சைக்கிளா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்றேன்.

"அந்த நாலு பேரும் ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்க மாட்டார்கள்" என்றார் அவர்.

அவர் கணக்குத் தப்பு. வண்டி உறுமியதுமே, கோலம் போட்டுக்கொண்டிருந்த எதிர்வீட்டு அம்மாள் கையில் மாவோடு நிமிர்ந்து பார்த்தாள். நான் சட்டென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். முகத்தை மறைத்துக்கொள்ளவும் அது உதவுகிறது!

முதலில் போனது பக்கத்திலேயே உள்ள முத்திரையர்பாளையம். அங்கே ஆயி குளத்தைப் பற்றி வழிவழியாக ஒரு கதை சொல்கிறார்கள். விஜயநகர அரசர் கிருஷ்ணதேவராயர் ஒரு நாள் மாலை இந்தப் பக்கமாக வந்தாராம். விளக்குகள் சுடர்விட்ட ஒரு பெரிய மாளிகையைக் கண்டு, கோயில் என்று நினைத்துக் கைகூப்பினாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று தெரிந்ததும் சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அரசருக்கு வெட்கம், வெட்கத்தினால் கோபம். வீட்டை இடித்துத் தள்ள உத்தரவு பிறந்தது. ஆயி அழுது புரளவில்லை. "நானே இடித்துவிடுகிறேன், அந்த இடத்தில் ஊருக்கு ஒரு குளம் வெட்ட அவகாசம் கொடுங்கள்" என்று கேட்டாளாம்.

பல நூறு வருஷங்களுக்குப் பிறகு, மூன்றாம் நெப்போலியன் காலத்தில், புதுவை நகரத்தில் நல்ல தண்ணீருக்குத் தவிப்பு. பிரெஞ்சு இஞ்ஜினீயர் ஒருவர் முத்திரையர்பாளையத்திலிருந்துதான் நகரத்துக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுபோனார். அதன் ஞாபகமாக எழுந்ததே பாரதி பூங்காவின் நடுவிலுள்ள வெள்ளை மண்டபம். ஆயி மண்டபம் என்று அவள் பெயராலேயே அதை அழைக்கிறோம். இன்றைக்குப் புதுவை அரசின் சின்னமும் அதுதான். சிரித்த நாலு பேருக்கு எங்கே மண்டபம் இருக்கிறது?

அங்கிருந்து ஊசுட்டேரி. பாதி புதுவையிலும் பாதி தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. 2008-ஆம் ஆண்டில் புதுவைப் பக்கத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பறவைகளுக்கு எல்லைக்கோடு ஏது? மனிதர்களுக்குத்தான் குழப்பம். புதுவைப் பிரதேசம் ஒரே துண்டு நிலமல்ல; காற்றில் சிதறிய கோலமாவைப் போல் தமிழ்நாட்டுக்குள் அங்கங்கே கிடக்கிறது.

வில்லியனூர் கோபுரத்தை வண்டியிலிருந்தே கும்பிட்டுவிட்டு, மங்கலம் வழியாகக் கீழூர் போனோம். சிறிய கிராமம். ஆனால், 1954 அக்டோபர் 18-ந் தேதி இங்கேதான் ஒரு பெரிய விஷயம் முடிவாயிற்று. பிரெஞ்சுக்காரர் வசமிருந்த பகுதிகள் இந்தியாவோடு சேருவதா என்று பிரதிநிதிகள் 178 பேர் கூடி வோட்டுப் போட்டார்கள். சேரவேண்டும் என்றவர்கள் 170 பேர். வேண்டாம் என்றவர்கள் 8 பேர். நவம்பர் முதல் தேதியே நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி ஒப்படைத்தது 1962 ஆகஸ்டு 16. ஆண்டுதோறும் அந்த நாளில் இங்குள்ள நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள்.

178 பேர்! நம் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருகிறார்கள். நாலு பேர் சொல்லுக்கும் மதிப்பு உண்டுதான்; ஆனால் அது பொறுப்போடு சொல்லும் நாலு பேராக இருக்கவேண்டும் என்று தோன்றியது.

பாகூர் ஏரிக்கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. புளிச்சோறு, உருளைக்கிழங்கு வறுவல். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த ஊரில் ஒரு கல்லூரி இருந்தது. அதற்கு மூன்று கிராமங்களின் வருமானத்தை விட்டுக்கொடுத்ததைப் பல்லவ மன்னன் நிருபதுங்கனின் செப்பேடு சொல்கிறது. ஏரிக்குப் பெண்ணையாற்றுத் தண்ணீரைக் கொண்டுவருவது பங்காரு வாய்க்கால். அதைச் சிங்காரி, பங்காரி என்ற இரண்டு தாசிச் சகோதரிகள் வெட்டினார்கள் என்பது ஊர்க்கதை. பாருங்கள், இங்கேயும் அதே மாதிரி! குடும்பப் பெண்கள் என்று ஊர் ஒப்புக்கொள்ளாதவர்கள்தாம் ஊரிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் தண்ணீர் வார்த்தவர்கள் என்று அந்த ஊரே கதை சொல்கிறது.

வேர்க்கடலை விற்ற ஒரு கிழவி வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுல குந்தினா பயமா இருக்காதாம்மா?" என்றாள்.

"முதலில் இருந்தது. இப்போது இல்லை" என்றேன்.

"எனக்கும் ஒரு தபா ஏறிப் பாக்கணும்னு ஆசை. பேரன்கிட்ட கேட்டா, நாலு பேரு சிரிப்பாங்கன்னு சொல்றான்."

எனக்குச் சுரீர் என்றது. என் கணவரோ, "வாங்க ஆயா, ஏறுங்க" என்று சொல்லிவிட்டார்! என் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டி, கைதூக்கி உட்காரவைத்தேன். கூடைக்கு நான் காவல். கரையோரமாக மெள்ள ஒரு சுற்று. பார்த்தவர்கள் சிரிக்கத்தான் சிரித்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவள் கிழவிதான். இறங்கியதும் ஒரு படிக் கடலையை என் முந்தானையில் கொட்டினாள். காசு வாங்க மறுத்துவிட்டாள்.

நீங்களும் கிளம்புவதானால் இரண்டொரு யோசனைகள். பின் சக்கரத்தில் புடவை சிக்காதபடி தடுப்புக் கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். பின்னால் உட்காருகிறவருக்கும் ஹெல்மெட் அவசியம். மணிக்கொரு தரம் இறங்கிக் காலை நீட்டுங்கள்.

விளக்கேற்றும் நேரத்துக்கு வீடு திரும்பினோம். எதிர்வீட்டு அம்மாள் வாசலிலேயே நின்றாள். இந்தத் தடவை நான் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டே இறங்கினேன். "எங்கெங்கே போனீங்க?" என்று அவள் ஒவ்வோர் ஊராகக் கேட்டுக்கொண்டாள். அவள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி சும்மா நிற்கிறது.

கால் புழுதியைக் கழுவக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் சளசளவென்று கொட்டியது. ஒருத்தி தன் வீட்டையே இடித்துக் குளம் வெட்டியதாகச் சொல்லும் இடம் இங்கிருந்து கூப்பிடு தூரம். அரை வாளியோடு குழாயை மூடினேன். கால் கழுவ அது தாராளமாகப் போதுமாயிருந்தது.