பொட்டலத்தில் போட்ட தேதி

காக்டஸ் விதைப் பொட்டலம் தேதி தாண்டிவிட்டது என்று குப்பையில் போடும் பெரம்பூர் மொட்டைமாடித் தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விதையைக் கெடுப்பது வயதைவிட ஈரமும் வெப்பமும்தான். வடசென்னையில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. விதையின் ஈரப்பதம் 1 சதவீதம் குறைந்தாலோ, வைத்த இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலோ ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது விதையியலாளர் ஹாரிங்டனின் கணக்கு. ஆகவே, காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜுக்குள் கிடந்த பழைய விதையை, சமையலறை அலமாரியில் வெந்த போன வருட விதையைவிட நான் நம்புவேன். ஃப்ரைலியா என்ற காக்டஸ் வகை இதற்கு விதிவிலக்கு. அது சீக்கிரமே முளைப்புத்திறனை இழந்துவிடும். சப்பாத்திக் கள்ளியின் கெட்டித்தோல் விதை பல ஆண்டுகள் தாங்கும், முளைக்கத்தான் அடம்பிடிக்கும். பெரும்பாலான காக்டஸ் விதை முளைக்க வெளிச்சம் தேவை. ஆகவே, விதைக்கும்போது புதைக்காமல் ஈர மணல்மேல் தாராளமாகத் தூவுங்கள். நேர்வெயில் மட்டும் வேண்டாம்.